வாய் கட்டிய ஆடுகளோடு பாளையங்கோட்டைக்கு

டெம்போவில் ஏறியவர்கள்: டிரைவர் அண்ணாச்சி. அவருக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர். பின்னால் என் கொழுந்தன். நான். சுட்டி. செவலை. மயிலை. குட்டைக்காது. கடைசி நான்கும் ஆடுகள். நான்கும் சினை.

1994, மாசி மாதம். சீவலப்பேரிப் பக்கம் ஒரு வயலில் எங்கள் ஆட்டுக்கிடை கிடந்தது. எங்களுக்குச் சொந்த ஊர் மானூர்ப் பக்கம். பிசான நெல் அறுப்பு முடிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றங்கரை வயல்களுக்கு வருவோம். பகலில் மேயும். ராத்திரி வயலில் அடைப்போம். புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். வயல்காரர் எங்களுக்கு நெல் அளப்பார்.

எங்கள் ஆட்களில் ஆட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவர்கள் குறைவு. போகாதவர்களுக்காக வழியையும் சேர்த்து எழுதுகிறேன்.

காலை ஐந்தரை. சீவலப்பேரியிலிருந்து பாளையங்கோட்டை சுமார் பதினாறு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் ஆட்டை ஏற்ற மாட்டார்கள். டெம்போவுக்குப் போக வர, காத்திருக்க, நூற்றைம்பது ரூபாய் பேசினோம். அது வாழைத்தார் ஏற்றும் வண்டி. ஏற்றும்போது அண்ணாச்சி கேட்டார்.

"எத்தனை உருப்படிவே?"

"எட்டு" என்றார் என் வீட்டுக்காரர்.

"நாலுதானவே நிக்கி?"

"வயித்துல உள்ளதை யாரு எண்ணுவா அண்ணாச்சி?"

"அப்பம் வாடகையும் எட்டுக்குத் தாரும்."

சினை ஆட்டை இரண்டு என்று எண்ணுவது என் வீட்டுக்காரர் பழக்கம். சாயங்காலம் அடைக்கும்போதும் அப்படித்தான் எண்ணுவார். கொழுந்தன் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வான். அன்றைக்குச் செய்யவில்லை.

ரோடு மோசம். அண்ணாச்சி பைய ஓட்டினார். இரண்டு பக்கமும் அறுத்த நெல்தாள். வைக்கோல் போர். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டுக்காரருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்றுதான் ஒவ்வொரு வருடமும் நினைப்போம்.

நடந்தது இது. நான்கு நாளைக்கு முன்னால் ஒன்பது ஆடுகள் நெல் அடித்த களத்துக்குள் புகுந்துவிட்டன. சிந்திக் கிடந்த நெல்லை வயிறு முட்டத் தின்றன. மறுநாள் வயிறு உப்பிக்கொண்டது. கழிச்சலில் புளித்த நாற்றம். நெல் தின்ற ஆட்டுக்கு எங்கள் ஆட்கள் செய்வது வாய் கட்டுவது. பனைநாரில் பின்னிய கூட்டை வாயில் மாட்டி இரண்டு நாள் பட்டினி போடுவோம். எத்தனையோ ஆடு அப்படிப் பிழைத்திருக்கிறது. இந்தத் தடவையும் வயிறு வடிந்தது. கூட்டை அவிழ்த்ததும் ஐந்து ஆடுகள் மேயப் போய்விட்டன. சினை நான்கும் போகவில்லை. அகத்திக்குழையை நீட்டினேன். மோந்துகூடப் பார்க்கவில்லை. மயிலை வேலிக்கல்லில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது. கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினேன். இமைக்கவில்லை.

வண்டியில் மயிலையின் தலையை மடியில் வைத்திருந்தேன். அது மூச்சு விடும்போது பழுத்த பழ வாடை வந்தது. அண்ணாச்சியிடம் சொன்னேன். நேற்று ஏற்றிய வாழைத்தார் வாடை என்றார். இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆறரைக்குப் பாளையங்கோட்டை. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் ஆடுகளை இறக்கிப் படுக்க வைத்தோம். டீ ஒன்று ஒரு ரூபாய். எட்டு மணிக்குக் கதவு திறந்தார்கள். டாக்டரம்மா எட்டரைக்கு வந்தார். சின்ன வயது. நாய், கோழி என்று காத்திருந்தவர்களை நிறுத்திவிட்டு நேராக மயிலையிடம் வந்தார். வாய்க்குப் பக்கத்தில் மூக்கை வைத்து மோந்தார். நான் வண்டி வாடை என்று நினைத்தது ஆட்டின் வாடை.

கழுத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். செவலையின் மூக்கைக் கொஞ்ச நேரம் பொத்திப் பிடித்தார். மூச்சு முட்டி அது மூத்திரம் பெய்தது. அதைப் பிடித்து ஒரு வெள்ளைப் பொடியில் சொட்டு விட்டார். பொடி கத்தரிப்பூ நிறம் ஆனது. நான்குக்கும் அப்படியே ஆனது.

என்ன செய்தீர்கள் என்று கேட்டார். வாய் கட்டியதைச் சொன்னோம்.

"நெல்லை நிறுத்தினது சரிம்மா. எல்லாத்தையும் நிறுத்தினதுதான் தப்பு."

பிறகு பொறுமையாக விளக்கினார். ஆட்டின் இரைப்பையில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றனவாம். புல்லைச் செரிக்க வைப்பது அவைதானாம். நெல் அதிகமாக விழுந்தால் புளிப்பை உண்டாக்கும் கிருமி பெருகி, நல்ல கிருமிகள் செத்துப்போகுமாம். கிருமி என்றால் நோய் என்றுதான் நாங்கள் கேள்விப்பட்டிருந்தோம்.

"அப்பம் நாங்க மேய்க்கது ஆட்டையா, கிருமியையா மதினி?" என்று கொழுந்தன் என் காதில் கேட்டான்.

டாக்டரம்மா காதிலும் விழுந்துவிட்டது. ரெண்டையும்தான் என்றார்.

அதற்குமேல் சொன்னது கேட்கச் சங்கடமாக இருந்தது. வயிற்றில் இரட்டைக் குட்டி இருக்கும்போது தாய் பட்டினி கிடந்தால், குட்டிகள் தாயின் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். தாய் தன் கொழுப்பைக் கரைக்கும். அப்படிக் கரைவதில் உண்டாகும் விஷம்தான் பழ வாடை; பொடியின் நிறத்தை மாற்றியதும் அதுதான். சினை இல்லாத ஆடு இரண்டு நாள் பட்டினியைத் தாங்கும். அதனால்தான் அந்த ஐந்தும் மேயப் போயின.

குளுக்கோஸ் ஏற்றினார்கள். இனி நல்ல ஆட்டின் இரைப்பைத் தண்ணீர் வேண்டும், சூடு ஆறுவதற்குள் வேண்டும் என்றார் டாக்டரம்மா. அதைக் குடித்தால் வயிற்றில் நல்ல கிருமி மறுபடி பிடிக்குமாம். ஆடு அறுக்கும் தொட்டியில் கேளுங்கள் என்றார். நானும் கொழுந்தனும் டெம்போவில் போனோம். இரண்டு கிலோமீட்டர் இருக்கும். வளர்த்த ஆட்டை வியாபாரியிடம் கொடுத்திருக்கிறோமே ஒழிய, தொட்டிக்குள் நான் காலை வைத்ததில்லை.

அங்கே கறிக்காரர் ஒருவர் குடல் அலசிக்கொண்டிருந்தார். கொழுந்தன் விஷயத்தைச் சொன்னான். அவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"குடல் கேட்டு வருவாங்க. குடல் தண்ணி கேட்டு வந்த மொத ஆளு நீருதாம்வே. எதுக்கு, ரசம் வைக்கவா?"

"எங்க ஆட்டுக்கு அண்ணாச்சி. வயித்துல ஒண்ணும் இல்லாமக் கெடக்கு."

அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். அப்போதுதான் அறுத்த ஆட்டின் இரைப்பையைக் கீறி, துணியில் போட்டு எங்கள் தூக்குவாளியில் பிழிந்தார். பச்சையாக இருந்தது. காசு வாங்கவில்லை. வாளியைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். போகிற வழியெல்லாம் வயிற்றில் சூடு தெரிந்தது.

திரும்பியபோது மயிலை செத்திருந்தது. என் வீட்டுக்காரர் அதன் மேல் துண்டை விரித்திருந்தார்.

மற்ற மூன்றுக்கும் மூங்கில் குழாயில் அந்தத் தண்ணீரைப் புகட்டினோம். பதினோரு மணிக்குச் சுட்டி காதை அசைத்தது. டாக்டரம்மா எங்களைப் பக்கத்தில் கூப்பிட்டார். கிடாயை எப்போது விட்டீர்கள் என்று கேட்டார். இணை சேராமல் இருக்கக் கிடாயின் அடிவயிற்றில் கட்டும் சாக்கை ஐப்பசி பிறந்துதான் அவிழ்த்தோம். அவர் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார்.

"ஈனுறதுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. அதுவரைக்கும் குட்டி உள்ள இருந்தா தாய் தாங்காது. ஊசி போட்டா ரெண்டு நாள்ல குட்டி இறங்கிடும். தாய் பிழைக்கலாம். குட்டி நிக்காது. நீங்கதான் சொல்லணும்."

என் வீட்டுக்காரர் செவலையின் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தார்.

"தாயைப் பாருங்கம்மா" என்றார்.

மூன்றுக்கும் ஊசி போட்டார்கள். மயிலையை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தோம். முதல் நாளே வந்திருந்தால் இந்த ஊசி வேண்டியிருக்காது என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மானூர்ப் பக்கம் கோடையில் புல் கிடையாது. ஆடு காய்ந்த சருகைத் தின்னும். மெலியும். அங்கே எங்கள் ஆடு எதுவும் இப்படிச் சாகவில்லை. நெல்லும் தண்ணீரும் உள்ள இடத்துக்குக் கூட்டி வந்து பட்டினி போட்டோம். ஆஸ்பத்திரி பதினாறு கிலோமீட்டரில் இருந்தது. இத்தனை வருடமும் அங்கேயேதான் இருந்தது.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். ஆடுகளைத் தூக்கி ஏற்றும்போது செவலையின் வயிற்றில் குட்டி உதைத்தது என் கையில் தெரிந்தது. மறுபக்கம் பிடித்திருந்தவர் என் வீட்டுக்காரர். அவருக்கும் தெரிந்திருக்கும்.

டிரைவர் அண்ணாச்சி கதவை அடைக்க வந்தார். பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"எத்தனை உருப்படிவே?"

"மூணு."