இஞ்சாருங்கோ

சுபோதினி அக்கா கெட்டவர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதைக் கேட்டால் உங்களுக்கு அப்படித்தான் தோன்றும். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், எங்கள் தொடர்மாடியின் இரண்டாம் மாடியில் இருக்கிறார். யாருக்காவது காய்ச்சல் என்றால் கொத்தமல்லி அவித்துக்கொண்டு முதல் ஆளாக வந்து கதவைத் தட்டுவார். கொத்தமல்லியோடு கூடவே ஒரு மாடியின் செய்தி இன்னொரு மாடிக்குப் போய்ச் சேரும். அதை அவர் வம்பு என்று ஒருபோதும் சொல்லமாட்டார். அக்கறை என்பார். நடந்ததை எனக்குச் சொன்னவரும் அவர்தான். “எழுதிறதெண்டா என்ரை பேரைப் போட்டே எழுதும்” என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, மேசைவிரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தார்.

நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் பல வருடங்கள் தமிழில் தட்டச்சுச் செய்தவர் அக்கா. சட்டத்தரணி தொழிலை விட்டபிறகு வீட்டில் இருந்தபடியே ஒரு கொம்பியூட்டர் வேலை கிடைத்தது. என்ன வேலை என்று கேட்டால், “ஏதோ தட்டுறா” என்பார் அவருடைய கணவர் சிவானந்தன். அவருக்கும் அவ்வளவுதான் தெரியும்.

வெளிநாட்டில் சில நகரங்களில் இப்போது ஓட்டுநர் இல்லாமல் தானாக ஓடும் டாக்ஸிகள் வந்துவிட்டன அல்லவா? அப்படி ஒரு கம்பனி, காருக்குள் ஏறும் சனம் கதைப்பதையெல்லாம் பதிவுசெய்து, அதைக்கொண்டு காருக்குப் பாஷை பழக்கிக்கொண்டிருந்தது. தமிழ் ஒலித்துண்டுகள் அக்காவிடம் வரும். படம் இல்லை, பெயர் இல்லை, வெறும் குரல். கேட்டதை எழுதவேண்டும். அழுதால் ‘அழுகை’, சிரித்தால் ‘சிரிப்பு’ என்று அதையும் குறிக்கவேண்டும். கடைசியில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும்: இது காருக்குச் சொன்னதா, கூட இருக்கும் ஆளுக்குச் சொன்னதா? கேட்ட எதையும் வெளியே விடமாட்டேன் என்று கையெழுத்தும் வைத்திருந்தார். ஊர்க்கதை கேட்கச் சம்பளம், ஆனால் வாயைத் திறக்கக்கூடாது! இப்படியொரு தண்டனையை வேறு யாருக்குக் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை.

ஒருநாள் காலை சமைத்து வைத்துவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு பெண்ணின் குரல் வந்தது.

“இஞ்சாருங்கோ, கொஞ்சம் கெதியாப் போங்கோவன். உப்பிடி ஓடினா காலி வீதியில பஸ்காரன் உங்களை இடிச்சுப்போட்டுப் போயிடுவான்.”

பிறகு ஒரு சிரிப்பு, முடியும் இடத்தில் விக்கல் போல ஒரு இழுப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அக்காவுக்குக் கை நின்றுவிட்டது. நான்காம் மாடிப் பத்மாவதியின் மகள் அனுஷியா! சின்ன வயதில் இந்தப் படிகளில் ஓடித்திரிந்த காலத்திலிருந்தே அவளுக்கு அந்தச் சிரிப்புத்தான். வேலை கிடைத்து வெளிநாடு போயிருந்தாள். இங்கே தாய் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து, பாமன்கடையில் ஒரு குடும்பத்தோடு சம்பந்தம் ஏறக்குறையச் சரிவந்திருந்தது.

துண்டு இன்னும் முடியவில்லை. “நேர வீட்டை கொண்டுபோய் விடுங்கோ. எனக்கு ஏலாமக் கிடக்கு” என்றது குரல். அதற்குப் பிறகு ஒரே அழுகை. அக்கா ‘அழுகை’ என்று தட்டினார்.

கேள்வி வந்தது. காருக்கா, ஆளுக்கா?

இஞ்சாருங்கோ என்றால் இங்கே பாருங்கள் என்பதுதான். யாருக்கும் சொல்லலாம். ஆனால் யாழ்ப்பாணத்துப் பெண் அதைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னால் அது புருஷனுக்கு. சுபோதினி அக்கா கலியாணம் முடித்த நாளிலிருந்து சிவானந்தனை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. காரைப் பார்த்து யாராவது இஞ்சாருங்கோ என்பார்களா? ஆளுக்கு என்று அழுத்திவிட்டு எழும்பினார். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை, படியாலேயே ஏறினார்.

“பத்மாக்கா, நான் சொன்னதெண்டு வெளியில விட்டுடாதையுங்கோ. அனுஷியா அங்க ஆரோடையோ இருக்கிறாள் போல. இஞ்சாருங்கோ எண்டு கூப்பிடுறாள். என்ரை ரெண்டு காதாலயும் கேட்டனான்.”

“உமக்கு எங்கால கேட்டது?”

கேட்டபின் மறைக்கவா முடியும்? கையெழுத்து வைத்ததெல்லாம் காற்றில் போனது. வேலை என்ன, துண்டு என்ன, காலி வீதி பஸ் என்ன, எல்லாவற்றையும் சொல்லிமுடித்தார். பத்மாவதி அந்த இடத்திலேயே மகளுக்குக் கோல் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

“ஆரடி அவன்?”

“எவன்?” நித்திரைக் குரலில் கேட்டாள் அனுஷியா.

தாய் அந்த வசனத்தைச் சொல்லுக்குச் சொல் ஒப்புவித்தார்.

“அம்மா, அது ட்ரைவர் இல்லாத கார். தானா ஓடுறது. நான் காருக்குத்தான் சொன்னனான், சும்மா பகிடிக்கு.”

சுபோதினி அக்காவுக்கு முகம் எரிந்தது. ஓட்டுநர் இல்லாத கார் என்பதால்தானே அவருக்கு அந்த வேலையே! நாள் முழுக்க அந்த ஒரு கேள்வியோடு இருந்து சம்பளம் வாங்குகிற மனுஷி, ஆளே இல்லாத ஆசனத்தில் ஒரு புருஷனை ஏற்றி இருத்திவிட்டார். உடனே இறங்கி ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

“அது கிடக்கட்டும்,” என்றாள் அனுஷியா. “நான் தனிய இருந்து சொன்னது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

சொல்லவேண்டாம் என்று அக்கா கையைக் காட்டினார். பத்மாவதி அதைக் கவனிக்கவில்லை. “கீழ சுபோதினி அன்ரிதான். அந்தக் காரில கதைக்கிறதெல்லாம் அவவுக்கு வருமாம்.”

பிறகு அனுஷியா மெதுவாகத்தான் சொன்னாள்.

“மற்ற டாக்ஸியில ஏறினா ஊர் எது, கலியாணம் முடிச்சாச்சோ எண்டு ட்ரைவர் கேப்பான். அறையில என்னோட மூண்டு பேர். அந்தக் கார் ஒண்டுதான் எனக்கு ஆளில்லாத இடம் எண்டு நினைச்சிருந்தனான்.”

கோல் கட்டாகிவிட்டது.

அதற்குப் பிறகு அனுஷியா தாயோடு கதைத்ததெல்லாம் ஓம், இல்லை, சாப்பிட்டன். மாப்பிள்ளைப் பேச்சை எடுத்தால் வைத்துவிடுவாள். பத்மாவதி சுபோதினி அக்காவோடு சண்டை பிடிக்கவில்லை, அதுதான் அக்காவுக்குப் பெரிய வேதனை. எப்போதும் போலச் சிரித்தார், ஆனால் உள்ளே வாரும் என்று சொல்லவில்லை. அக்கா காதுவலி என்று சொல்லி வேலையை விட்டார். யாருக்கோ காய்ச்சல் என்று கேள்விப்பட்டும் கொத்தமல்லி அவிக்கவில்லை. வெட்கம் என்றால் இதுதான் என்று இந்த வயதில் தெரிந்துகொண்டதாகச் சொன்னார்.

சித்திரைப் புதுவருஷத்துக்கு அனுஷியா வந்தாள். அவளைச் சந்திக்காமல் இருக்க அக்கா எவ்வளவோ பாடுபட்டார். ஒருநாள் மரக்கறியோடு வந்து லிஃப்டுக்குள் ஏறி, கதவு மூடப்போகும் நேரம் அனுஷியா உள்ளே வந்தாள். இரண்டு பேர் மட்டும். சொல்ல வேண்டியதை அக்கா எத்தனையோ நாளாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தார். வாய்க்கு வந்தது வேறு.

“பிள்ளை, நான் உம்மடை நல்லதுக்குத்தான்…”

“ஓம் அன்ரி.” பிறகு அவளே கேட்டாள். “நான் அழுததும் உங்களுக்குக் கேட்டதோ?”

“கேட்டது.”

“அண்டைக்குத்தான் என்னை வேலையால நிப்பாட்டினவை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அழுததை அம்மாட்டைச் சொன்னீங்களோ?”

கம்பனிக்கு அந்த அழுகையை ஒழுங்காகத் தட்டி அனுப்பியவர் அக்கா. தாயிடம் படியேறிக் கொண்டுபோனது இஞ்சாருங்கோவை மட்டும்தான். அழுகையை மறந்தேபோனார். மறந்தது என்பதுகூடப் பொய், அதில் சொல்ல ருசி இருக்கவில்லை.

“இல்லை, பிள்ளை.”

“அதை ஒண்டைச் சொல்லியிருக்கலாம் அன்ரி. அம்மா என்னோட வேறை மாதிரிக் கதைச்சிருப்பா.”

லிஃப்ட் நின்று கதவு திறந்தது. அக்கா மரக்கறிப் பையைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். கதவு திரும்ப மூடப்போனபோது அனுஷியா கையை நீட்டித் தடுத்தாள்.

“இஞ்சாருங்கோ அன்ரி, உங்கடை மாடி வந்திட்டுது.”

அக்கா இறங்கினார்.