பதிமூன்றாம் வாய்ப்பாடும் மூளைப் படமும்

பெட்ரோல் எஞ்சின் புகையும், உடுப்பில் காய்ந்துபோன ரப்பர் பாலின் புளித்த வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் எனக்கு மனித மூளை நினைவுக்கு வரும். மற்றவர்களுக்கு மல்லிகையும் மழை மண்ணும் ஞாபகங்களைக் கிளப்புவதாகப் படிக்கிறேன், அவரவர் கொடுப்பினை.

வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவில் அவசரகாலம். கோலா பிலா பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, காலையில் பால் வெட்டப் போகிறவர்களின் வாளிகளை வாசலிலேயே கவிழ்த்துப் பார்த்து, ஒரு பிடி சோறுகூடக் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேராமல் காவல் காத்த காலம். அப்போது மாதம் ஒருமுறை அரசாங்கத்தின் 'பட லாரி' வரும். பொழுது சாய்ந்ததும் பால் ஸ்டோருக்கு முன்னால் வெள்ளைத் துணியைக் கட்டி, பெட்ரோல் எஞ்சினை ஓடவிட்டு, கொசு, கொக்கிப்புழு, காட்டிலிருந்து வந்து சரணடைந்தால் கிடைக்கும் மன்னிப்பு ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டிவிட்டுப் போவார்கள். ஒரு மாதம் மட்டும், ஏனோ தெரியவில்லை, மூளையைப் பற்றிய இங்கிலீஷ் படம் ஒன்று வந்து சேர்ந்தது.

படத்துக்குத் தமிழில் விளக்கம் சொல்ல ஒருவர் வருவார். சுருட்டை முடி, மேல்வரிசையில் ஒரு பல் லேசாகத் தூக்கல். மூளையைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த அளவுதான் அவருக்கும் தெரியும், ஆனால் ஒலிபெருக்கி அவர் கையில் இருந்தது. திரையில் ஒரு மண்டையைக் குறுக்கே அறுத்துக் காட்டினார்கள். உள்ளே டெலிபோன் ஆபீசில் போலக் குட்டி ஆட்கள் கம்பியை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தார்கள். அடுத்து ஓர் எக்ஸ்ரே மண்டை வந்தது. அதற்குள் ஒரு பெண்ணின் முகம் மெல்லத் தோன்றி மறைந்தது. கண்ணால் பார்த்தது எல்லாம் இங்கே படமாகப் பதிந்திருக்கிறது, எக்ஸ்ரே எடுத்தால் அத்தனையும் டாக்டர் துரைக்குத் தெரிந்துவிடும் என்று அவர் முழங்கினார்.

மறுநாள் காலை ஆண்கள் தலைத்துணியைக் காது வரை இழுத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். ஆபீசில் கணக்கெழுதும் கிராணியார் தலையை எக்ஸ்ரே எடுத்தால் தோட்டத்தில் காணாமல்போன கோழியெல்லாம் வரிசையாக வெளியே வரும் என்று வேலை வாங்கும் மண்டோர் சொல்ல, நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்களாம்.

எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அம்மாவின் தம்பி ரெங்கன் மாமா 'உள்ள போயிட்டாரு'. காட்டைக் காடு என்று சொல்ல அப்போது எல்லாருக்கும் பயம். சில வாரங்களுக்கு முன், ஓர் அந்திப் பொழுதில், லயத்துக்குப் பின்னால் அம்மா ஒரு பால் டின் நிறையச் சோற்றை வேலி வழியே நுழைத்துக் கொடுப்பதையும், இரண்டு கம்பிகளுக்கு நடுவே மாமாவின் முகத்தையும் நான் பார்த்துவிட்டேன். "நீ ஒன்னும் பாக்கல, புள்ள" என்றாள் அம்மா. பார்க்கவில்லை என்று நானும் ஒப்புக்கொண்டேன். பிடிபட்டால் அவளுக்குச் சிறை. இல்லாவிட்டால் இந்தியாவுக்குக் கப்பல்.

படம் வந்த மறுவாரம் பார்த்து நான் ஸ்டோர் படியில் வழுக்கி விழுந்து பின்மண்டையை உடைத்துக்கொண்டேன். இரண்டு முறை வாந்தி எடுத்ததும், சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுக்கவேண்டும் என்று தோட்டத்து டிரஸ்ஸர் சீட்டு எழுதினார். மஞ்சள் பற்றுப் போட்டால் சரியாகிவிடும் என்று அம்மா மன்றாடிப் பார்த்தாள். உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் பிள்ளை தங்காது என்று அவர் சொன்ன பிறகு சீட்டை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கே, வீட்டில் இருந்த மாமாவின் ஒரே போட்டோவை அடுப்பில் போட்டாள்.

சிரம்பானுக்குப் போகும் லாரியில் என் காதருகே குனிந்து கேட்டாள்:

"பள்ளிக்கூடத்துல ஒனக்கு எது ரொம்பக் கஷ்டம்?"

"பதிமூணாம் வாய்ப்பாடு."

"மெசினு முன்னால நிக்கிறப்ப மனசுக்குள்ள அதையே சொல்லு. மாமா மொகம் வந்துச்சுன்னா தள்ளிட்டு, மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பி."

சில்லென்ற தகட்டில் தலையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். பதிமூணு ஏழில் வழக்கம்போலத் தடுக்கியது, அந்த இடைவெளியில் மாமா வந்தார், தள்ளினேன். மறுபடி வந்தார், மறுபடி தள்ளினேன். கடைசியில் டாக்டர் ஏதோ சொல்ல, பக்கத்தில் நின்ற தமிழ் ஆள் அம்மாவிடம், "தலையில ஒன்னும் இல்ல லா, கூட்டிட்டுப் போங்க" என்றார். அம்மா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். பிற்காலத்தில் என் எழுத்தைப் படித்த விமர்சகர்கள் சிலர் கண்டு சொன்னதை அரசாங்க ஆஸ்பத்திரி எட்டு வயதிலேயே கண்டுபிடித்திருக்கிறது.

ஆனாலும் அம்மா விடவில்லை. மறுபடியும் படம் எடுக்கச் சொல்லமாட்டார்கள் என்பது என்ன நிச்சயம்? அந்த வருஷம் முழுக்க, படுக்கும் முன் பதிமூன்றாம் வாய்ப்பாடு. மாமா அதன்பிறகு வேலிக்கு வரவே இல்லை. என்ன ஆனார் என்று கேட்க ஆளும் இல்லை, துணிச்சலும் இல்லை.

அம்மா தன் கடைசி வருஷத்தை என் வீட்டில்தான் கழித்தாள். ஒரு நாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ரெங்கன் மொகம் எனக்கு வரமாட்டேங்குது. போட்டோவ நாந்தான் எரிச்சுப்புட்டேன். நீ பாத்தியே, எப்படி இருந்தான்?" என்றாள்.

தேடினேன். வேலி வந்தது, பால் டின் வந்தது, அம்மாவின் கண்ணாடி வளையல் கம்பியில் உரசிய சத்தம்கூட வந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் பதிமூணு ஏழு தொண்ணூத்தொண்ணு என்று ஒரு சுவர் நின்றது. வயதான தாயிடம் வாய்ப்பாடா ஒப்பிப்பது? சுருட்டை முடி, மேல்வரிசையில் ஒரு பல் லேசாகத் தூக்கல் என்றேன். அம்மா மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஆமா... அப்படித்தான் இருப்பான்" என்றாள். பிறகு அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

போன மாதம் தொலைக்காட்சியில் மூளையைப் பற்றி ஓர் ஆவணப்படம். வண்ணப்படம், மண்டைக்குள் குட்டி ஆட்கள் யாரும் இல்லை. நினைவு என்பது எடுத்து வைத்த போட்டோ அல்ல, ஒவ்வொரு முறையும் கையில் கிடைத்ததைக் கொண்டு மனம் புதிதாகத் தீட்டிக்கொள்வது என்று ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் நிதானமாக விளக்கினார். நாற்பது வருஷம் தாமதமாக வந்த திருத்தம். நான் அம்மாவுக்குத் தீட்டிக் கொடுத்த முகம் யாருடையது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தோட்டம் ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனையாகிவிட்டது. லயங்கள் இல்லை, வேலி இருந்த இடத்தில் தார்ச்சாலை ஓடுகிறது. மாமாவை நினைத்தால் இப்போது கம்பிக்கு அந்தப் பக்கம் அந்தப் பட லாரிக்காரர்தான் பால் டின்னோடு நிற்கிறார். கண்ணால் பார்த்தது எல்லாம் பதிந்திருக்கிறது என்கிறார்.