எடுத்துப் பார்க்காத நகல்

காரமடைப் பக்கம் குழந்தைகளுக்கென்று ஒரு சின்ன கிளினிக் நடத்துகிறேன். சீட்டு எழுதுவதை விட்டு எல்லா விவரத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கியதும், அதற்குப் பத்திரமான ஒரு நகல் வேண்டுமே என்று இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பேசினேன்.

முதலில் வந்தவள் கோயமுத்தூரில் ஏதோ ஒரு கம்பெனிப் பெண். சிரிக்கக்கூட இல்லை. "மாசம் ஒருக்கா ஏதாச்சும் ஒரு ஃபைலை நகல்ல இருந்து உங்க முன்னாடியே திருப்பி எடுத்துக் காட்டுவோமுங்க டாக்டர். வரலீன்னா எங்களை மாத்திப்போடுங்க" என்றாள்.

அடுத்தவர் என் பெரியப்பா மகன். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். என் மகளின் காதுகுத்துக்கு மாமன் சீர் கொண்டுவந்து, அவளை மடியில் உட்கார வைத்தவர். "ஏங்கண்ணு, புள்ளைங்க விவரத்தையெல்லாம் ஆரோ ஒருத்தி கையில குடுப்பியா? நானிருக்கறப்ப?" என்றார். அத்தோடு என் விசாரணை முடிந்தது. மாமன் சீர் செய்தவரை விட்டுவிட்டு வெளியாளிடம் போனால் நாளைக்கு எந்த முகத்தோடு பெரியப்பா வீட்டுக்குப் போவது?

ஒரு கருப்புப் பெட்டியைக் கம்ப்யூட்டரோடு சேர்த்து மாட்டினார். ஒரு நகல் அதில் ஏறும், இன்னொரு நகல் தினமும் இன்டர்நெட் வழியாக வெளியூர்க் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும் என்றார். ஒரே ஒரு தடவை, "ஒருக்கா எடுத்துத்தான் காட்டுங்களேண்ணா" என்று கேட்டேன். "என்ற மேல நம்பிக்கை இல்லியா அம்மணி?" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. காபி போட்டுக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். அதற்குப் பிறகு மாதாமாதம் வருவார், காபி குடிப்பார், "எல்லாம் ஓடீட்டிருக்குது கண்ணு" என்பார், போவார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் ஏதோ வைரஸ் புகுந்து எல்லா ஃபைல்களும் பூட்டிக்கொண்டன. கருப்புப் பெட்டியில் இருந்ததும் சேர்ந்து பூட்டிக்கொண்டது. அண்ணன் வந்து ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்த்தார், ஒன்றும் திறக்கவில்லை. வெளியூர் நகலைக் கேட்டேன்.

"அது தீவாளிக்கு முந்தியே நின்னுபோச்சு கண்ணு, அதுக்கு முன்ன போனதையும் அழிச்சுப்போட்டாங்க. பார்த்துக்கலாம்னு உட்டுப்போட்டேன்."

அப்போது சித்திரை. அத்தனை மாதமும் என் காபியைக் குடித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறார். மறந்திருந்தால் மன்னித்திருப்பேன். தெரிந்தே சொன்னார். எழுந்து போங்கள் என்றேன். போய்விட்டார். மறுநாள் பெரியம்மா போன் செய்து, "வெளிய சொல்லிப்போடாத சாமி, அவன் கடை படுத்துரும்" என்றார்.

அதே வாரம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு தாய் தன் நான்கு வயது மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அந்தக் குழந்தைக்கு வலிப்பு உண்டு. முன்பு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தோல் உரிந்து, பிழைத்ததே பெரிது என்றானது. அந்த மருந்தின் பெயரைப் பதிந்துவைத்தவள் நான்தான். இப்போது வலிப்பு மறுபடி வந்திருக்கிறது. கூடுதலாக ஒரு மருந்து கொடுத்தாக வேண்டும். கொடுக்கக்கூடியவை நான்கு. அவற்றில் ஒன்று அவளைக் கொன்றுவிடும். எது என்று எனக்கு நினைவில்லை.

"பேரு எனக்குத் தெரியாதுங்க. எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குது, நீங்க ஒண்ணும் வெச்சுக்க வேண்டாமுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கூடவே போனேன். அங்கேயும் பயந்து பயந்து, துளித்துளியாகத்தான் மருந்து கொடுத்தார்கள். மூன்று நாளும் வலிப்பு திரும்பத் திரும்ப வந்தது. நான்காம் நாள் குழந்தை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டது.

வார்டு வாசலில் அந்தத் தாய் என்னிடம் கேட்டாள்: "எப்படிங்க டாக்டர் எல்லாம் அழிஞ்சுபோச்சு?"

நகல் நின்றுபோனதை மறைத்து என் அண்ணன் ஏமாற்றினார், அவரைச் சோதிக்கக் கூச்சப்பட்டு நானும் விட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது.

"மெஷின் கெட்டுப்போச்சுங்க" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மெஷினு கெட்டதுக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க? உங்களை நம்பித்தானுங்க நாங்க இருக்கறோம்" என்றாள்.