உடைத்துப் பார்க்கும் வழக்கம்

நாமக்கல் பக்கம் ஒரு கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம். பொக்லைன் எங்கள் வரப்பைக் கிளறியபோது ஒன்பது சாரைப்பாம்பு முட்டைகள் வெளியே வந்தன. முட்டை பொரிக்கவைப்பது எனக்குப் பெரிய வேலையா என்று தெர்மோகோல் பெட்டியில் ஈரமான தேங்காய்நார்த் தூளைப் பரப்பி, அவற்றை வைத்தேன்.

ஒரு மாதத்தில் ஒரு முட்டையில் வெள்ளையாகப் பூசணம் பிடித்தது. பஞ்சால் துடைத்தேன். மறுநாளே திரும்பி வந்தது. ஈரத்தைக் குறைத்தால் மற்ற முட்டைகள் சுருங்கின. தண்ணீர் தெளித்தால் பூசணம் அவற்றுக்கும் பரவியது. உள்ளே கரு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன், பூசணத்தைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை.

"ஏனுங்க, அழுகிப்போனதை எதுக்கு ஊட்டுக்குள்ள வெச்சிருக்கறீங்க? எடுத்துக் கடாசிருங்க," என்றாள் மனைவி.

பொரியாத முட்டையை எறிவதற்கு முன் உடைத்துப் பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். கரு எப்போது செத்தது, எங்கே தப்பு நடந்தது என்று அதில்தான் தெரியும். முதலில் பூசணம் பிடித்த முட்டையைக் கத்தரியால் கீறினேன்.

உள்ளே பூசணமே இல்லை. நூல் மாதிரி ஒரு குட்டி சுருண்டு கிடந்தது. அதன் நெஞ்சில் ஒரு சிவப்புப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது.

"உசுரு இருக்குதுங்க," என்றாள் அவள்.

கீறலை விரல்களால் சேர்த்துப் பிடித்தபடி, துடிப்பு அடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மீதி எட்டும் பூசணத்தோடு பெட்டியில் இருக்கின்றன. அவற்றில் எதற்கு உயிர் இருக்கிறது என்று அறிய எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.