உறைந்துபோன நான்கு குழாய்கள்

சிவசக்தி அக்காவின் ஊர் வெள்ளக்கடை. அவள் அம்மா மாரியம்மாள் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவில் சமையல் செய்கிறார். அவர்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் அக்கா. கிளியூரில் எங்கள் வீட்டில் நான். சேலத்தில் ஒரே ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு அவள் ஆறாம் ஆண்டு, நான் முதல் ஆண்டு.

சில பாக்டீரியாக்களின் புரதம் செல்லின் சவ்வில் துளை போடும். ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக, அதன் இஷ்டத்துக்கு. அக்கா டிஎன்ஏ இழைகளை மடித்து வளையம் செய்தாள். அந்த வளையத்தில் புரதத்தைக் கோத்தால் எல்லாத் துளைகளும் ஒரே அளவில் வர வேண்டும்.

"ஆறு வருசமாப் பொத்தல் போடறாளாம். எங்க ஊட்டுக் கூரைய வந்து பாக்கச் சொல்லு சாமி, பொத்தலு சும்மாவே கெடக்குது" என்பார் மாரியம்மாள்.

கடைசியில் நான்கு குழாய்களில், நுண்ணிய கொழுப்புக் குமிழிகளின் சவ்வில், துளைகள் அமைந்ததாகத் தெரிந்தது. பெங்களூரில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதி. ஏழு மாதம் முன்பே பதிந்து வைத்ததில் அங்கே ஒரு திங்கட்கிழமை கிடைத்திருந்தது. உதவித்தொகை அந்த மாதத்தோடு முடிகிறது. படம் வந்தால்தான் முனைவர் பட்டம்.

வெள்ளிக்கிழமை, கல்லூரியில் இரண்டு நாள் மின்தடை என்றார்கள். குழாய்கள் குளிரிலேயே இருக்க வேண்டும்; மாரியம்மாள் வேலை செய்யும் பங்களாவில் ஃப்ரிட்ஜும் ஜெனரேட்டரும் உண்டு. அக்கா ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்ததால் குழாய்கள் இருந்த தெர்மோகோல் பெட்டியை நான் பஸ்ஸில் கொண்டுபோனேன்.

"எந்தளவுக்குச் சில்லுன்னு இருக்கோணும் கண்ணு?" என்று கேட்டார் மாரியம்மாள்.

கீழே போகும் பஸ் ஹாரன் அடித்தது. "எவ்வளவு சில்லுன்னு இருக்குதோ அவ்வளவு நல்லதுங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஓடினேன். உறைந்தால் குமிழிகள் உடைந்துவிடும் என்று எனக்குத் தெரியும். உறையவிடக் கூடாது என்று பெட்டியின் மேல் எழுதி ஒட்டியவனே நான்தான். ஆங்கிலத்தில்.

ஞாயிறு காலை அக்காவும் நானும் போனோம். பங்களாக்காரர்களின் மீனையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, ஃப்ரீசர் முழுவதையும் பெட்டிக்கே கொடுத்திருந்தார் மாரியம்மாள். குழாய்களில் இருந்தது கல்லாகியிருந்தது.

"ஏங்கண்ணு, மொகம் இப்படிப் போவுது? நாந்தான் கெடுத்துப்போட்டனா?"

"இல்லம்மா. பஸ்ஸு குலுங்குனதுல அப்பவே போயிருச்சு" என்றாள் அக்கா.

மாரியம்மாள் என்னைப் பார்த்தார். "பாத்துக் கொண்டாந்திருக்கலாமில்ல சாமி."

தலையாட்டினேன். அந்தப் பழி எனக்கு வசதியாக இருந்தது.

மறுபடி செய்ய மூன்று மாதம் வேண்டும். அக்காவிடம் இருந்தது ஒன்பது நாள். இப்போது ஏற்காட்டில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் நிற்கிறாள். அம்மாவிடம் நான் என்ன சொன்னேன் என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. அவளுடைய குறிப்பேட்டைப் பார்த்து வளையங்களை இப்போது நான் செய்கிறேன். போன வாரம் ஒரு தொகுதி சரியாக வந்தது. யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.