கார்ல் பந்தை உருட்டிவிடுகிறார்

இலங்கையில், ஊரில் சண்டை முடிந்து மூன்றாவது கிழமை. டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் மச்சான் ஜெயந்தனுடைய உதைபந்தாட்டக் கழகத்தைப் பார்க்க வந்திருக்கிறேன். பதினாலு தமிழர்கள் பூட்ஸ் போட்டபடி புல்லில் குந்தியிருக்கிறார்கள். பாதிப் பேருக்கு வன்னியிலிருந்து இன்னும் தகவல் இல்லை. எழும்ப ஒருவருக்கும் மனமில்லை.

பயிற்சியாளர் கார்ல் ஜெர்மன்காரர், எழுபது வயது. தன் நாட்டில் பதினைந்து வருடம் முன்வரிசையில் ஆடியவர். பந்தை எங்கள் பக்கம் உருட்டிவிட்டு டேனிஷில் நீளமாக ஏதோ சொல்கிறார்.

"என்னவாம்?" என்று மச்சானைக் கேட்கிறேன்.

"நாப்பத்தஞ்சில அவையின்ர சண்டை முடியேக்க இவருக்கு ஆறு வயசாம். தப்பி வந்து இஞ்ச டென்மார்க்கில அகதி முகாம். முள்ளுக்கம்பிக்கு உள்ளதான் பந்தடிக்கப் பழகினவராம். தேப்பனைப் பற்றி ஒரு தகவலும் இல்லையாம்."

"தாய்?"

மச்சான் கேட்டுச் சொல்கிறான். "தாய் அழுது முடிச்சிட்டு, ஒவ்வொரு மட்சுக்கும் வந்து ரெஃபரியை ஏசுவாவாம். ரெஃபரி ஒரு பாதிரியாராம்."

யாரோ சிரிக்கிறார்கள். பிறகு எல்லோரும் சிரிக்கிறார்கள், கார்லும்தான்.

முதலில் எழும்புவது ஜெயந்தன். அவனுடைய தங்கச்சி எங்கே என்று இன்னும் தெரியாது. கையுறையை மாட்டிக்கொண்டு கோல் கம்பங்களுக்கு நடுவில் போய் நிற்கிறான்.

"அடியுங்கோ" என்கிறான்.