ஒஷாவாவுக்கு வடக்கே நத்தார் மரம் வெட்டப் போனது

இந்தக் குறிப்பில் வருபவை:

1. ஏன் போனோம்
2. பாதை, நேரம், செலவு
3. நான் மரம் வெட்டிய விதம்
4. போக நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள்

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த பயணம் இது. விலைகள் அந்தக் காலத்தவை. தூரம் மாறியிருக்காது என்று நம்புகிறேன்.

அப்போது வெக்ஸ்போர்ட்டில் ஒரு வாடகை வீட்டில் நான், மனைவி, மகன் ரவி, மருமகள் றெஜினா நால்வரும் இருந்தோம். நாங்கள் சைவம், றெஜினா கத்தோலிக்கம். எங்கள் வீட்டில் அவளுடைய முதல் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, அவள் படுக்கையை விட்டு எழும்பவில்லை. அதற்கு மூன்று கிழமை முன்னர், நாலாம் மாதத்தில், கரு கலைந்திருந்தது. அதற்குச் சில நாள் முன்னர்தான் ரவி பின்வளவு மேப்பிளில் ஒரு கொப்பு வெட்டியிருந்தான். பிள்ளைத்தாச்சியின் புருசன் மரம் வெட்டக்கூடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இரண்டையும் முடிச்சுப்போட்டவள் என் மனைவி. முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்த நான் அது அப்படி இல்லை என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அடுத்த டிசம்பரில் றெஜினாவுக்கு மறுபடி ஆறாம் மாதம். அவள் கேட்டது ஒன்றுதான்: பிளாஸ்ரிக் மரம் வேண்டாம், பச்சை மரம் வேண்டும். மனைவி சம்மதித்தாள். ஆனால் ரவி மரம் அரியும் வாளைத் தொடக்கூடாது, நான்தான் வெட்ட வேண்டும். முழங்கால் வலியால் அவள் வரவில்லை. நான் அதுவரை ஒரு பலகைகூட அரிந்ததில்லை.

ஞாயிறு பகல் 12.40க்கு மற்ற மூவரும் புறப்பட்டோம். 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போய், விட்பி கடந்து, ஒஷாவாவில் இறங்கி வடக்கே. மொத்தம் 62 கிலோமீற்றர். ஐம்பது நிமிடத்தில் போகலாம். எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் நான் ரவியை மெதுவாகப் போகச் சொன்னேன். இதைவிட மெதுவாக ஓட்டினால் பொலிஸ் மறிப்பான் என்றான் அவன்.

2.10க்கு, நாங்களே வெட்டி எடுக்கும் நத்தார் மரத் தோட்டம். எந்த உயரமானாலும் மரம் 25 டொலர். கைவாள் இரவல் தருவார்கள், ட்ரக்டர் வண்டியில் கொண்டுபோய் இறக்குவார்கள், இரண்டுக்கும் காசில்லை. ட்ரக்டர்க்காரர் வாளை ரவியிடம் நீட்டினார். நான் பாய்ந்து வாங்கினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கடைசி வண்டி நாலு மணிக்கு என்றார்.

அளவு நாடாவால் அளந்து மூன்று மரங்களைச் சரிவராது என்று தள்ளிவிட்டேன். அதனால் வீணான நேரத்துக்கு நானே பொறுப்பு. 3.20க்கு ஒரு பைன் மரத்தின் கீழ் பனியில் படுத்து அரியத் தொடங்கினேன். பாதியில் வாள் இறுகி நின்றுவிட்டது. கையுறை நனைந்து விரல் விறைத்தது. மணி 3.40. வெளிச்சமும் குறைந்துகொண்டு வந்தது.

"அப்பா, தாருங்கோ. ஒருத்தரும் அம்மாட்டைச் சொல்லப்போறதில்லை," என்றான் ரவி.

நான் வாளை விடவில்லை. அந்த நம்பிக்கை எனக்கு இல்லைத்தான். ஆனால் போன வருடத்து நத்தார் காலையில் பூட்டியிருந்த றெஜினாவின் அறைக்கதவு கண்ணுக்குள் நின்றது.

பக்கத்தில் ஒரு வைக்கோல் கட்டின்மேல் நாங்கள் இருத்தி வைத்திருந்த றெஜினா எழுந்து வந்தாள். "மாமா, கொஞ்சம் அரக்குங்கோ," என்று என்னை விலகச் சொன்னாள்.

"நீ இரு பிள்ளை."

"புருசன்காரன்தானே வெட்டக்கூடாது. பிள்ளைத்தாச்சி வெட்டக்கூடாது எண்டு மாமி சொல்லேல்லையே."

நான் வாளை விட்டு எழும்பினேன். அவள் முழங்காலில் நின்று வாளைப் பிடித்தாள். மரத்தை மற்றப் பக்கம் தள்ளச் சொன்னாள் ரவியை. தள்ளுவதும் தடையோ என்று மாமாவைக் கேள் என்றான் அவன். தள்ளத் தள்ள வெட்டு விரிந்து வாள் ஓடியது. ஐந்து நிமிடம். நான் அவள் மூச்சையே கேட்டுக்கொண்டு நின்றேன். மரம் சாய்ந்தது. அவள் எழும்பாமல் வயிற்றில் கைவைத்தாள். நான் ஓடிப்போய் அவளுக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"பயப்பிடாதேங்கோ மாமா. உள்ளுக்கை ஆள் உதைக்கிறார்."

கடைசி வண்டியைப் பிடித்துவிட்டோம். 6.15க்கு வீடு. ஆர் வெட்டினது என்று மனைவி வாசலிலேயே கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன், "மாமாதான்," என்றாள் றெஜினா. மனைவி சுடுதண்ணீர் வைத்து என் விரல்களுக்கு ஒத்தணம் கொடுத்தாள். நான் விரல்களை நீட்டிக்கொண்டு இருந்தேன். அதன்பின் மூன்று மாதம், றெஜினா இடுப்பைப் பிடித்தாலே நான் ரவியைக் கூப்பிடுவேன். மார்ச் மாதம் பேத்தி பிறந்தாள். ஏழு இறாத்தல்.

போகிறவர்கள் பகல் பன்னிரண்டுக்கு முன் போய்ச் சேருங்கள். இரண்டு சோடி கையுறை கொண்டுபோங்கள். அரியும்போது ஒருவர் மரத்தைத் தள்ளிப்பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாள் இறுகும்.

ஒரு திருத்தம். மேலே மூன்றாவதாக 'நான் மரம் வெட்டிய விதம்' என்று போட்டிருக்கிறேன். வீட்டில் இத்தனை வருடமும் அப்படித்தான் கதை, கை தானாக எழுதிவிட்டது. அது பிழை. நான் பாதிவரை அரிந்தேன். மரத்தை வெட்டியவள் றெஜினா. மனைவிக்கு இதை நான் இன்னும் வாசித்துக் காட்டவில்லை.